செம்பூர் பெஞ்சில் எல்லாரும் பாஸ்

"…இத்தன மாசமா பாஸு பாஸுன்னு வந்துட்டு, கடைசிப் பரீட்சையில போயி அந்தப் புள்ளைய பெயிலாக்கச் சொல்லுதியா? ஏட்டி பொன்னு, உனக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா இல்லியா?" என்று கேட்டார் என் அண்ணன்.

கேட்ட இடம் மும்பையில், செம்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரம். நான் நாங்குநேரியில் வளையல் கடை வைத்திருப்பவள். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றேன். மிச்சப் படிப்பையெல்லாம் கடைக்கு வருகிற பெண்களின் வாயிலிருந்து படித்துக்கொண்டேன். அண்ணன் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தைப் பஞ்சமா? வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்திவிடுவேன் என்று பயந்துதான் சும்மா இருந்தேன். என்னை அந்த அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்திய நாட்களைச் சொன்னால்தான் உங்களுக்கு என் பக்கத்து நியாயம் புரியும்.

தாராவியிலிருந்து மதினி போன் பண்ணியதுதான் தொடக்கம். அண்ணன் தங்கராசுக்கு நுரையீரலில் காசநோய். அதிலும் வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வகை. செம்பூர் ஆஸ்பத்திரியில் புது மாத்திரைகள் கொடுத்து, மாதாமாதம் வரச்சொல்லி, ஒரு சின்னவயது டாக்டரம்மா ஆராய்ச்சியும் நடத்திக்கொண்டிருந்தாள். இருமல் நின்றுவிட்டது, சளியில் கிருமி இல்லை, இனி யாருக்கும் தொத்தாது என்று சொல்லிவிட்டார்கள். நல்ல செய்திதானே? மதினி அழுதாள்.

"உங்க அண்ணன் தெனமும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேங்காரு பொன்னு. அதான் எனக்குப் பயமா இருக்கு. நீ ஒருதரம் வந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை திலக் நகர்ப் பக்கம் ரயிலை விட்டு இறங்கினேன். முதுகில் ஒரு வாரத்து அழுக்கு, கையில் கருப்பட்டிப் பை, காதில் பக்கத்து சீட்டுக் குடும்பம் இரண்டு நாளாகப் போட்ட சண்டை. அழைத்துப்போக இசக்கி ஆட்டோவோடு வந்திருந்தான். எங்கள் ஊர்ப் பக்கத்தவன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன். அண்ணனுக்கு வந்த அதே நோய் இவனுக்கும் வந்து, அண்ணன்தான் அதே டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். மூன்று மாதமாக மாத்திரை.

"அத்தை, டென்ஷனே வேண்டாம். பறந்துரலாம்" என்றான். பறக்கத்தான் செய்தான். ஆனால் ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் குனிந்து தன் காலைப் பார்த்தான். எதிரே பஸ் வருகிறது. இவன் காலைப் பார்க்கிறான்.

"ஏல, ரோட்டப் பாருல!"

"ரோடு எங்க போவப்போவுது அத்தை? அது அங்கனதான கெடக்கு."

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காகப் பிறகு என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணன் வீடு தாராவியில் ஒரு சந்துக்குள், சந்துக்குள் இன்னொரு சந்து. கீழே ஓர் அறை, ஏணி வைத்து ஏறினால் இன்னோர் அறை. மதினி விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, சைக்கிள்காரர்களுக்குக் கொடுக்கிறாள். கொப்பரை, தட்டு, ஈரத்துணி எல்லாம் சுவரோடு சுவராக நிற்க, மீதி இடத்தில்தான் மனிதர்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டு மாட்டுக்கு இதைவிட இடம் உண்டு என்று நினைத்தேன், சொல்லவில்லை. மதினி சொன்னாள்: "கை நீட்டுனா அடுப்பு, கால் நீட்டுனா அடுத்த வீடு. இதுக்குப் போயி ரெண்டு சாவி!"

அண்ணன் மெலிந்திருந்தார். தொத்தாது என்று டாக்டரே சொல்லியும் தன் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்திருந்தார்.

"எப்படிண்ணே இருக்கிய?"

"நல்லா இருக்கேன்."

எங்கள் பக்கத்தில் யார் கேட்டாலும் இதுதான் பதில். இடுப்பில் கட்டி, கழுத்தில் கடன், ஆனாலும் நல்லா இருக்கோம். ஆனால் அது வாசல் பதில். வந்தவர் உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காலை நீட்டிய பிறகுதான் உள்ளதை அவிழ்ப்போம். அண்ணன் மும்பைக்குப் பிழைக்க வந்தபோது வாசல் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது. டாக்டருக்கும் அதுதான், மதினிக்கும் அதுதான், இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த எனக்கும் அதுதான்.

திங்கட்கிழமை காலையில் அவர் வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். தோல் பை தைக்கிறார்கள். பசை வாடையும் தோல் வாடையும் சேர்ந்து மூக்கைப் பிடித்து உலுக்கியது. அண்ணன் மெஷினில் உட்கார்ந்தார். மற்றவர்கள் தையலைப் பார்த்துத் தைத்தார்கள். அண்ணன் மட்டும் பெடல் மேல் இருந்த தன் காலைப் பார்ப்பார், பிறகு தையலைப் பார்ப்பார், மறுபடி காலைப் பார்ப்பார். நேராகப் போன தையல் ஒரு மூலையில் பாம்பு மாதிரி நெளிந்தது.

"என்ன தங்கராசண்ணே, பைக்குள்ள நதி ஓடுது?" என்று பக்கத்து மெஷின்காரர் கேலி செய்தார்.

"டிசைனு!" என்றார் அண்ணன். பட்டறையே சிரித்தது. தையலைப் பிரித்து மறுபடி தைத்தார்.

மத்தியானம் எனக்குக் கிங்ஸ் சர்க்கிளில் சாப்பாடு வாங்கித் தருவதாகக் கூட்டிப்போனார். பஸ்ஸில் எள் விழ இடமில்லை. இறங்கும்போது என் பை ஒருபக்கம், நான் ஒருபக்கம். கண்டக்டர் மராத்தியில் ஏதோ கத்தினார்; அண்ணன் தமிழாக்கினார்: "எறங்குறவுக எறங்குங்க, யோசிக்கிறவுக வீட்லயே யோசிச்சிட்டு வாங்கங்கான்." நல்ல பேச்சு என்று மனசில் முடிந்துகொண்டு இறங்கினேன். பஸ் போய்விட்டது.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். அண்ணன் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். இந்தக் கடையில் காப்பிப்பொடி நல்லா இருக்கும், அந்தக் கடையில் வாழையிலை கிடைக்கும் என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். பத்துப் பதினைந்து அடி போனபிறகுதான் பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை.

"அண்ணே! செருப்பு?"

குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, அந்தக் கால் யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

"பஸ்ல கழண்டுட்டு போல."

"கழண்டது தெரியலியா? தரை சுடுறது தெரியலியா?"

"மும்பை வெயிலு நம்ம ஊரு மாதிரி சுடாது" என்றார். பக்கத்தில் ஒரு நாய் நிழலைவிட்டு ஓர் அடி வெளியே கால் வைத்து, சுட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. நாய்க்குத் தெரிந்திருக்கிறது.

புதுச் செருப்பு வாங்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். சாம்பார், ரசம், பீன்ஸ் பொரியல், அப்பளம். நல்ல சாப்பாடுதான், நான் மேஜைக்கு அடியில் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மேஜையில் ஆபீஸ்காரர் ஒருவர் பரிமாறுபவரிடம், "ரசத்தை இப்படி ஓட ஓட விட்டுண்டு போறேளே, வண்டலைக் கலக்கி விடுங்கோ. உள்ளதெல்லாம் அடியிலதான் இருக்கு" என்றார். எனக்கு அண்ணனைப் பார்க்கத் தோன்றியது. அவர் மும்முரமாக அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மதினியிடம் சொன்னேன். அவள் கொப்பரையைக் கழுவுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் பொன்னு. போன மாசம் அடுப்பு மேல கால வச்சிட்டு நிக்காரு, கருகுன வாடை எனக்கு வருது, அவருக்குச் சூடே தெரியல. மாத்திரை குடுக்கும்போதே டாக்டரம்மா சொன்னா. இது நல்ல மாத்திரை, நோயை அடக்கும், ஆனா சிலருக்குக் கால் நரம்பையும் சேத்து அடக்கிரும், மரத்தா ஒடனே சொல்லணும், அளவைக் கொறைச்சிரலாம், நாளாச்சுன்னா உணர்ச்சி திரும்பாமலே போயிரும்னு. இவரு சொல்ல மாட்டேங்காரு. நான் சொல்லப் போனா, பேசாம இருன்னு கண்ணைக் காட்டுதாரு. கால் போனா பெடல் போச்சு. பெடல் போனா என்ன இருக்கு இந்த ஊர்ல எங்களுக்கு?"

"ஏன் சொல்ல மாட்டேங்காரு?"

"நீயே கேட்டுக்கோ. நான் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சிப்போச்சு."

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரி நாள். லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் நான் தனியாக ஏறினேன். ஏறினேன் என்பது தவறு, ஏற்றப்பட்டேன். என் ஜடை ஒருத்தியின் கைப்பிடியாக இருந்தது. மீன்கூடையோடு நின்ற ஒரு மராத்திக்காரி ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண் எனக்குச் சொன்னாள்: "இது வண்டி இல்லியாம், வயிறாம். எத்தன பிள்ளை வந்தாலும் எடம் குடுக்குமாம்." அந்தச் சொல்லுக்காக மீன்காரியின் கூடைத் தண்ணீர் என் புடவையில் ஊற்றியதை மன்னித்தேன். நாற்றம் மட்டும் சாயந்தரம் வரை மன்னிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மாதாமாதம் ஒரே நாளில் வருகிறவர்கள் என்பதால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அண்ணன் அந்தப் பெஞ்சுக்கே தலைவர் மாதிரி இருந்தார். தமிழர்களிடம் தமிழ், மற்றவர்களிடம் இந்தி. ஒருவர் தனக்குக் கண் கொஞ்சம் மங்குகிறது என்று முணுமுணுக்க, அண்ணன் அவர் தொடையில் தட்டி, "இன்னும் ஒரு மாசம்தான! பொறுத்துக்கோ. அந்தப் புள்ளைய நெனச்சுப் பாரு" என்றார். அவரும் தலையாட்டினார்.

"எந்தப் புள்ளைய?" என்றேன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். தொடக்கத்தில் ஒருநாள், தாழ்வாரத்தில் வைத்துப் பெரிய டாக்டர் ஒருவர் இந்தச் சின்ன டாக்டரம்மாவைக் கடுமையாகப் பேசினாராம். அவள் மாடிப்படியில் நின்று கண்ணைத் துடைத்ததை அண்ணன் பார்த்துவிட்டார். விசாரித்தால், அவள் இன்னும் மேல்படிப்புப் படிக்கிறாளாம். இந்த ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தால்தான் பட்டமாம்.

"அப்ப இது அவளுக்குப் பரீட்சைதான? அவ மருந்து குடுத்திருக்கா. அது வேலை செஞ்சா பாஸு. கால் மரத்துச்சு, கண் மங்குச்சுன்னு நாம ஆளுக்கொரு குறை சொன்னா, அந்தப் பெரியவன் என்ன சொல்லுவான்? 'ஒன் மருந்தே சரியில்ல, போ'ம்பான். ராத்திரி பகல் பாக்காம நம்ம சளியத் தொட்டுப் பாக்குற புள்ள. சாப்டீங்களாண்ணான்னு கேக்காம ஒருநாள் விட்டதில்ல. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு படிச்சிருக்கம்லா? அதான் பெஞ்சில எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். யார் கேட்டாலும் நல்லா இருக்கோம்."

எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. நோயாளியெல்லாம் சேர்ந்து டாக்டருக்குப் பிட் கொடுக்கிறார்கள்! எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்கூட இப்படி ஒற்றுமையாகக் காப்பி அடித்ததில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா எங்கள் கடைக்கு வளையல் வாங்க வருகிற கல்லூரிப் பெண்களைப் போலத்தான் இருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. அண்ணன்தான் நடுவில்.

"அம்மா, இவருக்குக் கால்ல உணர்ச்சியே இல்ல. செருப்பு கழண்டது தெரியாம வெயில்ல நடக்காரு. அடுப்புல சுட்டுக்கிட்டாரு. பொய் சொல்லுதாரு" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அண்ணன் அமைதியாக இந்தியில் சொன்னார். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தழுதழுத்த குரலில் ஏதோ சொன்னாள். செருப்பு கழன்றதற்கு ஒருத்தி இப்படியா சந்தோஷப்படுவாள்?

"என்னத்தண்ணே சொன்னிய?"

"நீங்க எங்க அண்ணனப் புள்ள மாதிரி பாத்துக்கிடுதிய, ஊர்ல எல்லாரும் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னாவன்னு நீ சொன்னதாச் சொன்னேன்."

"அட பாவி மனுசா!"

"இப்ப என்ன சொல்லுதாங்க?" என்று டாக்டரம்மா ஆவலாகக் கேட்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. அதற்கும் அண்ணன் ஏதோ சொன்னார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

பிறகு கால் பரிசோதனை. இவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் விரலைத் தொடுகிறாள். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். அண்ணன் கண்ணை மூடினார். அதாவது, மூடியதுபோல் வைத்துக்கொண்டார். இமைக்கு அடியில் கருவிழி எட்டிப் பார்ப்பது நான் நின்ற இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. குனிந்திருந்த அவளுக்குத் தெரியவில்லை. இழை பட்டதும் "ஹா", பட்டதும் "ஹா". அத்தனையும் சரி. அவள் விரல் தன் காலில் பட்ட ஒவ்வொரு முறையும் பெரிய மரியாதைக்காரர் போலக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றுகிற சாக்கில் இன்னும் நன்றாகப் பார்த்தார்.

நான் கையை ஆட்டினேன், என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். எனக்குக் கண்ணில் ஏதோ தொந்தரவு என்று நினைத்து டாக்டரம்மா எனக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள்.

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் அண்ணன் வாயைத் திறக்காமல் கெடுவார். திரும்பி வரும் வழி முழுக்க அவரோடு பேசவில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக எனக்கு ஊர் காட்டிக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை திலக் நகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குக் கருப்பட்டி கொடுக்கப் போகவேண்டியிருந்தது. இசக்கி ஆட்டோ. அண்ணனும் நானும் பின்னால். நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை, நடுவில் கருப்பட்டி.

"என்ன மாமா, அத்தை ஊமையாயிட்டாவ?" என்றான் இசக்கி.

"ஊர்ல இருந்து வரும்போது கோவத்தையும் பார்சல் கட்டிட்டு வந்திருக்கா."

"காலி-பீலி, சும்மாங்காட்டி எதுக்கு அத்தை கோவம்? மாமா மாதிரி ஒரு மனுசன்…"

அவன் முடிக்கவில்லை. வளைவில் ஓர் இளநீர் வண்டி நின்றது. இசக்கி பிரேக்கை மிதித்தான். மிதித்ததாக நினைத்தான். ஆட்டோ நிற்காமல் போய் வண்டியில் மோதியது. இளநீர்க்காய்கள் ரோடெல்லாம் உருண்டன. கருப்பட்டி என் மடியில் நொறுங்கியது. இசக்கி நெற்றி கம்பியில் பட்டு வீங்கியது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த வளைவில் ஒரு நிமிடம் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு கடந்து போனதை நாங்கள் மூன்று பேரும் பார்த்திருந்தோம்.

இளநீர்க்காரர் இசக்கியின் சட்டையைப் பிடித்தார். அவர் கத்தியதை அண்ணன் எனக்குத் தமிழாக்கவில்லை. ஆக்க முடியாத பேச்சு என்று நினைக்கிறேன். கூட்டம் கூடி, கலைந்து, காய்களையெல்லாம் நாங்களே பொறுக்கிக் கொடுத்து முடித்தபிறகு இசக்கி ரோட்டோரம் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றிக் காலையே பார்த்தான்.

"பிரேக்குல கால் இருக்குன்னுதான் மாமா நெனச்சேன். பக்கத்துல வெறும் தகட்ட மிதிச்சிருக்கேன்."

அண்ணன் ஆட்டோவுக்குள் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தார்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான் மாமா. கண்ணால பாத்தாத்தான் கால் எங்க இருக்குன்னு தெரியுது."

"டாக்டரம்மாட்ட சொல்ல வேண்டியதுதானல?" என்று கேட்டது அண்ணன்தான். நான் தலையைத் திருப்பி அவரையே பார்த்தேன்.

இசக்கி நிமிர்ந்தான். அவன் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "நீங்கதான மாமா சொன்னிய? நல்லா இருக்கேன்னு சொல்லு, கால் பரீட்சைக்கு ஓரக்கண்ணால பாத்துக்கோன்னு, நீங்கதான சொல்லிக் குடுத்திய?"

அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. நொறுங்கிய கருப்பட்டியை இளநீர்க்காரருக்கே கொடுத்துவிட்டோம். அவர் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து, கோபம் கொஞ்சம் இறங்கி, ஆளுக்கு ஓர் இளநீர் சீவிக் கொடுத்தார். அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

வியாழக்கிழமை, முறை நாள் இல்லாவிட்டாலும், மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை இசக்கி மொழிபெயர்ப்பான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றினார்.

"இசக்கி சொல்லட்டும். அவன் வண்டி ஓட்டுதவன், இன்னும் மாத்திரை பாக்கி கெடக்கு. அவன் சொல்லுறதுல நியாயம் இருக்கு. நான் எதுக்கு? எனக்கு மாத்திரை முடியப்போவுது. இத்தன மாசமா பாஸு பாஸுன்னு வந்துட்டு…" என்று ஆரம்பித்து, எனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்பதில் முடித்தார். முதலில் சொன்னேனே, அதுதான்.

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

இசக்கி எல்லாவற்றையும் சொன்னான். ஆட்டோ, தகடு, இளநீர், பெஞ்சுத் தீர்மானம், ஓரக்கண். இடையில் என்னைக் காட்டி, செவ்வாய்க்கிழமை நான் உண்மையில் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னான் போலிருக்கிறது. டாக்டரம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் நாற்காலியை இழுத்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். நிறுத்தி நிறுத்திப் பேசினாள். இசக்கி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"பரீட்சை அவுகளுக்கு இல்லியாம் மாமா. மாத்திரைக்காம். அது எத்தன நாள் வரைக்கும் நல்லது பண்ணுது, எப்ப இருந்து காலக் கெடுக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் இத்தன பாடாம். எந்த மாசம் அளவைக் கொறைக்கணும்னு ஒங்க கால்தான் அவுகளுக்குச் சொல்லியிருக்கணுமாம். ஒங்க காலும் எங்க எல்லாரு காலும் நல்லா இருக்கோம்னு சொன்னதால, அடுத்து வாரவனுக்கும் முழு அளவே தாங்கும்னு எழுத இருந்தாவளாம்."

"குறை சொன்னா பட்டம் போயிராதாமா?" அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கால் மரத்துச்சுன்னு எழுதினாலும் பட்டம் உண்டாம். பொய்ய எழுதினாத்தான் போயிருமாம்."

இவருக்கு உணர்ச்சி திரும்புமா என்று கேட்கச் சொன்னேன். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், எவ்வளவு போயிருக்கிறது என்று இதுவரை உண்மையாகப் பார்க்கவே இல்லையே என்று பதில் வந்தது. சொல்லிவிட்டு அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாடிப்படியில் அண்ணன் பார்த்த அழுகை இப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு அவள் எல்லா மாதமும் கேட்பதைக் கேட்டாள். எனக்கே புரிந்தது.

"எப்படி இருக்கீங்கண்ணா?"

"நல்லா இரு…" என்று பழக்கத்தில் வாய் தொடங்கியது. அண்ணன் அதை அப்படியே கடித்து நிறுத்தினார்.

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். முதலில் வலது காலைத் தூக்கி, பாதத்தைத் துடைத்தார். கைக்குட்டையை உதறி, நீளவாக்கில் மடித்து, தன் கண்ணை மறைத்துத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். இறுக்கமாகத்தான் போட்டார், காது மடல் மடங்கியது. கையால் தடவி முக்காலியைக் கண்டுபிடித்து, காலை அதன் மேல் நீட்டினார்.

டாக்டரம்மா இழையை எடுத்தாள். பெருவிரலில் தொட்டாள். இழை வளைந்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது. பாதத்தின் நடுவில், குதிகாலில். மறுபடி பெருவிரலுக்கு வந்தாள். இசக்கி சுவரில் சாய்ந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணன் தலையைச் சற்றுச் சாய்த்து, உன்னிப்பாகக் காத்திருந்தார். வெகுநேரம் ஆகிவிட்டது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"கூச்சப்படாம தொடும்மா" என்றார் தமிழில். "நான் பாக்கல." காலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தார்.